பளபளத்த செஞ்சி ரூபாய்

“இது டூப்ளிகேட்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

தமிழ்மணி கண்ணிலிருந்து லென்ஸை எடுக்காமலே கேட்டார். துப்பறியும் தேவநாதன் குடித்துக்கொண்டிருந்த காபி தொண்டையிலேயே நின்றுவிட்டது. காசின் சொந்தக்காரர் போனில் சொன்னார். சோதித்துப் பார்க்காமலே இவரும் சொன்னார். நேற்று சிதம்பரத்தில், எட்டுப் பேர் கேட்க, சத்தமாகச் சொன்னார்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருந்தது தமிழ்மணியின் வெள்ளிக்கடை. கொலுசும் குங்குமச்சிமிழும் விற்பது அவருக்குப் பிழைப்பு. பழைய நாணயம் சேர்ப்பது பைத்தியம். அந்தப் பைத்தியத்தை நம்பித்தான் தேவநாதன் காலை பத்தரைக்கே வந்திருந்தார். இந்த டூப்ளிகேட்டை அடித்துக் கொடுத்த ஆசாரி யார் என்று தெரிந்துவிட்டால் கேஸை இன்னும் இறுக்கிக் கட்டிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். கேஸ் அவிழ்ந்து காலடியில் விழும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை, பாவம்.

பாவம் என்றா சொன்னேன்? வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நேற்று நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

சிதம்பரத்தில் தட்சிணாமூர்த்தி என்று ஒரு ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். அவரிடம் ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள் பன்னிரண்டு இருந்தன. நாற்பது வருஷமாக ஒவ்வொன்றாகத் தேடி வாங்கியவை. பதினொன்று சூரத்தில் அடித்தவை. ஒன்றே ஒன்று நம்ம செஞ்சியில் அடித்தது. மொகலாயப் படை செஞ்சிக்கோட்டையைப் பிடித்ததும் ஊருக்கு நுஸ்ரத்கட் என்று பேர் வைத்து, அந்தப் பேரிலேயே காசும் அடித்தது. பேராசிரியர் பிறந்து வளர்ந்தது செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில். மற்ற பதினொன்றையும் ஒரு தட்டிலும் அந்த ஒன்றை இன்னொரு தட்டிலும் வைத்தால், அவருக்கு ஒன்றுதான் கனம். பன்னிரண்டையும் தான் வேலை பார்த்த கல்லூரிக்குக் கொடுத்துவிடுவதாக ஒரு பாராட்டு விழா மேடையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, பன்னிரண்டு காசின் படத்தோடு. விழா இன்று மாலை ஐந்து மணிக்கு.

இந்த நிலையில்தான் முந்தாநாள் தேவநாதனுக்குப் போன் வந்தது. செஞ்சி ரூபாயை யாரோ எடுத்துவிட்டு அதே மாதிரி போலி ஒன்றை வைத்துவிட்டார்கள், வந்து பாருங்கள் என்று. நேற்றுக் காலை தேவநாதன் போய்ப் பார்த்தார். தட்டில் பதினொரு காசு கருகருவென்று கிடந்தன, அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி. பன்னிரண்டாவது மட்டும் பளபளவென்று கண்ணைப் பறித்தது. பளபளப்பு என்றால் புதுசு, புதுசு என்றால் போலி, போலி என்றால் திருட்டு. அந்த அறைக்குள் தினம் போய் வருவது யார்? ஒன்பது வருஷமாகப் பெருக்கித் துடைக்கிற கொளஞ்சி. தேவநாதன் அவள் கூடையை வாங்கி நடுக்கூடத்தில் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ் உருண்டது, பழைய துண்டு விழுந்தது, கூடவே நகைக்கடையில் மடித்துக் கொடுக்கிற ரோஸ் கலர் காகிதம் ஒன்றும் விழுந்தது. மகளோட கொலுசு அறுந்துபோச்சு, நகைக்கடையில குடுத்துப் பத்த வச்சேன் சார் என்றாள் கொளஞ்சி. மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் ஒரு கொலுசைச் சொல்லுவாங்க என்றார் தேவநாதன். சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு நிமிஷம்.

“கேஸ் முடிஞ்சிது,” என்று அறிவித்தார். எட்டுப் பேரில் யாரோ ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார்.

கொளஞ்சி குனிந்து சாமான்களைப் பொறுக்கிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். பேசாமல் போனதையும் தேவநாதன் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டு இரண்டு பக்க ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேராசிரியரின் மகன் ராஜவேல் வக்கீல். அந்த ரிப்போர்ட்டை வைத்து இன்று நாலு மணிக்கு போலீஸில் புகார் கொடுப்பதாகச் சொல்லியிருந்தான். கொளஞ்சி வேலை பார்க்கும் மற்ற மூன்று வீட்டிலும் நேற்று சாயங்காலமே நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

இதுதான் நடந்தது. இப்போது தமிழ்மணி தராசில் காசை வைத்தார். பதினொரு கிராமும் சொச்சமும், மொகலாய ரூபாய்க்கு இருக்க வேண்டிய எடை. பிறகு விளிம்பைக் காட்டினார். அந்தக் காலத்தில் ரூபாய் கைமாறும்போதெல்லாம் வெள்ளி நிஜமா என்று பார்க்க, காசுக்கடைக்காரர்கள் தங்கள் அடையாளத்தைச் சின்ன உளியால் அதன்மேல் குத்துவார்களாம். இதில் ஒரு நட்சத்திரமும், அரிசிமணி மாதிரி இரண்டு குத்தும் இருந்தன.

தேவநாதனின் உதவியாளர் ஜான்சி கைப்பையிலிருந்து விழா அழைப்பிதழை எடுத்து மேஜையில் வைத்தாள். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுன்காரி. இருபத்தெட்டு வயசு. வாய் மட்டும் நாற்பது வயசு. அழைப்பிதழில் அச்சாகியிருந்த செஞ்சி ரூபாயிலும் அதே இடத்தில் அதே நட்சத்திரம், அதே இரண்டு அரிசிமணி.

“ஒரிஜினல் காசுதான் சார் இது,” என்றார் தமிழ்மணி. “யாரோ விபூதி போட்டுத் தேச்சிருக்காங்க. எழுத்து இடுக்குல பாருங்க, வெள்ளையா ஒட்டிக்கினு இருக்கு.”

தேவநாதன் லென்ஸ் வழியாகப் பார்த்தார். பாரசீக எழுத்தின் வளைவுகளில் விபூதி அப்பிக் கிடந்தது. அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் நடக்கிற காரியம். காமாட்சி விளக்கையும் பன்னீர்ச் செம்பையும் அவர் மனைவி விபூதி போட்டுத் தேய்த்து, பளபளவென்று கவிழ்த்து வைப்பதைப் பார்த்துக்கொண்டேதான் அவர் பேப்பர் படிப்பார். கறுத்த வெள்ளி வெளுக்க விபூதி போதும் என்பது இந்த ஜில்லாவில் பத்து வயசுப் பெண்ணுக்குத் தெரியும். இருபது வருஷமாகத் துப்பறிகிறவருக்குத் தெரியவில்லை. காது மடல் சூடாகி, அந்தச் சூடு கழுத்து வரை இறங்கியது.

தங்கக் காசில் ‘சூரியனைப் போல’ என்றும், வெள்ளிக் காசில் ‘முழு நிலாவைப் போல’ என்றும் ஔரங்கசீப் எழுதி அடித்தார் என்று தமிழ்மணி சொல்லிக்கொண்டிருந்தார். பரங்கிப்பேட்டை நண்பர் ஒருவரிடம் பாரசீகம் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாராம்.

“அப்ப நெலா மாதிரி பளபளன்னு இருக்குறதுதான் சார் அதோட ஒரிஜினல் கலரே,” என்றாள் ஜான்சி. “நாமதான் கறுப்பா இருந்தா கெழவன், வெளுப்பா இருந்தா திருடன்னு முடிவு பண்ணிட்டோம்.”

நாம் என்று அவள் சொன்னது பெருந்தன்மை. நேற்று அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக, கொஞ்சம் பொறுங்க சார் என்று இரண்டு தரம் சொன்னாள். இந்தக் காசைக் காகிதத்தில் மடித்துக் கையோடு எடுத்து வந்ததும் அவள்தான்.

தமிழ்மணி இன்னொன்றும் காட்டினார். தேய்த்தவர் பாத்திரம் விளக்குகிற மாதிரி தேய்க்கவில்லை. ஒரு கீறல் கிடையாது. மெத்தென்ற துணியில் விபூதியைத் தொட்டு, கைக்குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி துடைத்திருக்கிறார்கள். சேகரிக்கிறவர்கள் இந்தக் கறுப்பைத்தான் பொக்கிஷமாக நினைப்பார்கள். அதைத் தேய்த்து எடுப்பவன் ஒன்றுமே தெரியாதவனாக இருக்க வேண்டும், இல்லை எல்லாம் தெரிந்தவனாக இருக்க வேண்டும். ஒன்றும் தெரியாதவனாக இருந்தால் கீறல் விழுந்திருக்கும் என்றார்.

அப்போது தேவநாதனின் செல்போன் அடித்தது. பேராசிரியர். அந்த டூப்ளிகேட்டை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டார். மத்தியானம் கொண்டுவருகிறேன் என்று சொல்லி வைத்தார் தேவநாதன்.

காரில் சிதம்பரத்துக்குக் கிளம்பினார்கள். ஜான்சிதான் ஓட்டினாள். ஓ.டி. தாண்டி, குடிகாடு பக்கம் போகும்போது ஆலைகளின் கெமிக்கல் வாடை ஜன்னலைச் சாத்தியும் உள்ளே வந்தது. மற்ற நாளாக இருந்தால் அந்த வாடைக்கு அவள் ஒரு ஜோக் வைத்திருப்பாள். இன்று அவள் முகத்தைப் பார்த்தே தேவநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் அவருக்குத் தோன்றியது சந்தோஷம்தான். காசு மாறவே இல்லை; அப்படியானால் யாரும் திருடவில்லை; ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்லலாமா என்று கேட்டார். அப்படிச் சொன்னால், கொளஞ்சி பயந்துபோய் எடுத்த காசையே திருப்பி வைத்துவிட்டாள் என்று ராஜவேல் வக்கீல் திருப்பிப் போடுவான் என்றாள் ஜான்சி. தேய்த்தது யார் என்று தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது.

புதுச்சத்திரத்தில் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினாள்.

“காலையிலேர்ந்து பேராசிரியர் எத்தினி தரம் போன் பண்ணாரு சார்?”

“மூணு.”

“காணாமப்போன ஒரிஜினலப் பத்தி ஒரு தரமாவது கேட்டாரா?”

தேவநாதன் யோசித்தார். கேட்கவில்லை. கொளஞ்சி ஒப்புக்கொண்டாளா, எங்கே விற்றாள், மீட்க வழியுண்டா, ஒன்றும் கேட்கவில்லை. மூன்று போனிலும் ஒரே கேள்வி, டூப்ளிகேட் பத்திரமா.

“நாப்பது வருஷம் தேடுன காசு போச்சுன்னா, நானா இருந்தா தரையில உருண்டிருப்பேன்,” என்றாள் ஜான்சி. “அவரு போலிக்காகத் தூங்காம இருக்காரு.”

தேவநாதனுக்கு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நினைவுக்கு வந்தது. நேற்று அந்தப் ‘போலி’யைப் பேராசிரியர் கைக்குட்டையை விரித்து, இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்துத்தான் எடுத்தார். ஜான்சி அதைக் கேட்டபோது, அது எதுக்கும்மா என்று தயங்கினார். போலீஸ் வேண்டாம், கல்லூரிக்குக் காட்ட உங்கள் ரிப்போர்ட் ஒன்று போதும் என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று தேவநாதன் உருகிப்போனார். எல்லாவற்றுக்கும் மேலே அந்த முதல் போன். உங்களுக்குப் பழைய நாணயம் பற்றித் தெரியுமா என்று பேராசிரியர் கேட்டார். நாணயம் தெரியாது சார், திருடனைத் தெரியும் என்று இவர் மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார். அது போதும் என்றார் அவர்.

அது போதும். ஆமாம், அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. கடலூர் ஜில்லா முழுக்கத் தேடி, காசைப் பற்றி ஒன்றும் தெரியாத, ஆனால் எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிற ஒரு ஆளைப் பிடித்திருக்கிறார். தேவநாதனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

“நிரூபிக்கணும்ல?” என்று முனகினார்.

ஜான்சி ஒரு யோசனை சொன்னாள். கேட்டதும் தேவநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். இவள் சம்பளத்தை ஏற்ற வேண்டும் என்று நினைத்தார், வழக்கம்போலச் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு முன்பே சிதம்பரம் போய்ச் சேர்ந்தார்கள். பேராசிரியர் மாடி அறையில் விழாவுக்காக எடுத்து வைத்த பட்டுக்கரை வேட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயசு, மெலிந்த உடம்பு, மரியாதையான குரல். இவர்களைப் பார்த்ததும் வாங்க என்றுகூடச் சொல்லாமல் கையை நீட்டினார்.

“கொண்டாந்தீங்களா?”

தேவநாதன் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

“மன்னிக்கணும் சார். ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு. கடலூர்ல ஒரு வெள்ளிக்கடையில காட்டினேன். டூப்ளிகேட்தானேன்னு வெள்ளி எவ்வளவு இருக்குன்னு பார்க்க உருக்கிட்டாங்க.”

பேராசிரியரின் நீட்டிய கை அப்படியே நின்றது. கட்டிலைத் தேடிப் பின்னால் கைவைத்து, அது கிடைக்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“உருக்கிட்டாங்களா,” என்றார். “செஞ்சியை உருக்கிட்டாங்களா.” கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “அடப்பாவிகளா, ஒலகத்துல அப்பிடி எத்தினி இருக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு.”

ஜான்சி கைப்பையைத் திறந்து, மடித்த காகிதத்தைப் பிரித்து, அவர் உள்ளங்கையில் காசை வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு தான் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தார். பிறகு இவர்கள் இரண்டு பேரையும். மூஞ்சியில் ஈயாடவில்லை. போலிக்கு யாரும் இப்படி அழ மாட்டார்கள் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மெதுவாகச் சொன்னார். மேடையில் உணர்ச்சிவசப்பட்டுப் பன்னிரண்டும் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பதினொன்றைக் கொடுக்க முடியும், இந்த ஒன்றைக் கொடுக்க முடியாது என்று. கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் வெட்கம். அச்சடித்த அழைப்பிதழ், ஊரெல்லாம் பேச்சு. போலி என்று ஆகிவிட்டால் கல்லூரிக்கு வேண்டியிருக்காது, இவர் பீரோவிலேயே இருந்துவிடும். பூஜையறைக்குப் போய், தட்டிலிருந்து விபூதி எடுத்து, பழைய பட்டுத்துணியில் தொட்டுத் தேய்த்தார். மாணவர்களுக்கு முப்பது வருஷம், பழைய காசின் கறுப்பைத் தொடாதே என்று சொல்லிக்கொடுத்தவர்.

தேவநாதனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷம் உங்கள் வீட்டில் உழைத்தவளைப் போய்த் திருடி ஆக்கினீர்களே, ஒரு காசுக்காக, நீங்களெல்லாம் படித்தவரா என்று கேட்டுவிட்டார். கேட்டது நன்றாகவே இருந்தது. அந்த இரண்டு நிமிஷம் அவர் தன் வெட்கத்தை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பேராசிரியர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“நான் யாரையும் சொல்லலையே, தேவநாதன். காசு மாறிப்போச்சுன்னுதான் சொன்னேன். யாருன்னு தெரியலன்னு எழுதிக் குடுப்பீங்க, அத்தோட போயிடும்னு நெனச்சேன். கொளஞ்சி பேரைச் சொன்னது நீங்க.”

தேவநாதன் நேற்று முழுக்க நினைவில் ஓட்டிப் பார்த்தார். பேராசிரியர் வாயிலிருந்து கொளஞ்சி என்ற பேர் ஒரு தரம்கூட வரவில்லை. அவள் கூடையைக் கேட்டு வாங்கியது இவர் கை. கவிழ்த்தது இவர் கை. ஏழைப் பெண், நகைக்கடைக் காகிதம், அவ்வளவுதான், முடிச்சுப் போட்டுவிட்டார். யாரும் ஏமாற்றவில்லை. இவரே ஓடிப்போய் விழுந்திருக்கிறார், அவளை இழுத்துக்கொண்டு. அந்தக் காசின் மேல் எவனோ குத்திப் பார்த்த உளி தன் நெஞ்சில் இறங்கின மாதிரி இருந்தது அவருக்கு.

“அப்ப ஏன் சார் தடுக்கல?” என்று ஜான்சி கேட்டாள்.

தடுத்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்குமே என்றார் பேராசிரியர், அவளைப் பார்க்காமல். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். காசுதான் கிடைத்துவிட்டதே, பன்னிரண்டையும் இன்று கொடுத்துவிடுகிறேன். கொளஞ்சி பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டாள், நான் மன்னித்துவிட்டேன் என்று எல்லோருக்கும் சொல்லிவிடலாம். புகார் வேண்டாம். அவளை மறுபடி வேலைக்கு வைத்துக்கொள்கிறேன். உங்கள் பேரும் கெடாது.

இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஒரு நொடி தேவநாதனுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. இருபது வருஷம் கட்டிக் காத்த பேர். ஜெயிலும் இல்லை, புகாரும் இல்லை, அவளுக்கு வேலையும் திரும்பக் கிடைக்கும். தலையைக்கூட அரைக்கால்வாசி ஆட்டிவிட்டார். பக்கத்தில் ஜான்சி நின்றாள். எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிற பெண் ஒன்றுமே சொல்லாமல் தன்னைப் பார்ப்பதைப் பார்த்ததும் அவருக்கு உடம்பு கூசியது. ஆட்டின தலையை நிறுத்திக்கொண்டார்.

“கீழ வாங்க சார்,” என்றார் பேராசிரியரிடம். “நேத்து இருந்த எல்லாரையும் கூப்புடுங்க.”

எட்டுப் பேரும் வந்து சேர இரண்டரை மணி ஆனது. பக்கத்து வீட்டுத் தம்பதி, பூக்காரம்மா, கல்லூரியிலிருந்து இரண்டு பேர், ராஜவேல், அவன் மனைவி, பேராசிரியர். அதே கூடம். நேற்று நின்ற அதே இடத்தில் நின்று, நான் சொன்னது பொய், விசாரிக்காமல் சொன்னேன், கொளஞ்சியம்மா எதையும் எடுக்கவில்லை என்றார் தேவநாதன். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னார். யாரும் கைதட்டவில்லை. பூக்காரம்மா மட்டும், நேத்து அந்தக் கூடையைக் கொட்டும்போதே எனக்கு வயிறு எரிஞ்சுது சார் என்றாள். பேராசிரியர் தன் பங்கை அவரே சொன்னார், தலையைக் குனிந்தபடி, மகன் முகத்தைப் பார்க்காமல். ராஜவேல் புகாரை நாலாகக் கிழித்தான். செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், கொளஞ்சி வேலை பார்த்த மூன்று வீட்டுக்கும் அவனே பேசினான்.

ரயிலடிக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய தெருவில் கொளஞ்சியின் வீடு. தேவநாதனும் ஜான்சியும் போகும்போது மணி நாலு. தெருக்குழாயில் குடத்தோடு நின்ற பெண்கள் இவர்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கொளஞ்சி வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

நேற்று அவளை நீ, வா, போ என்று பேசியவர் தேவநாதன். இன்று குழாயடி வரைக்கும் கேட்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“கொளஞ்சியம்மா, நீங்க எதையும் எடுக்கல. காசு மாறவே இல்ல. நான்தான் விசாரிக்காம உங்களத் திருடின்னு சொல்லிட்டேன். அங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுத்தான் வரேன். என்னை மன்னிச்சுடுங்க.”

பேராசிரியர் செய்ததையும் ஜான்சி சுருக்கமாகச் சொன்னாள். புகார் கிழித்தாகிவிட்டது, மூன்று வீட்டிலும் நாளைக்கே வரச் சொல்கிறார்கள் என்றாள். கொளஞ்சி கேட்டுக்கொண்டே ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள். அவள் முகத்தில் கோபம் இருக்கும் என்று தேவநாதன் எதிர்பார்த்து வந்திருந்தார். கோபமாக இருந்தால் தேவலை என்றுகூட நினைத்தார்.

“சாரு தேச்சாருன்னு எனக்குத் தெரியும்,” என்றாள் கொளஞ்சி. “பட்டுத்துணிய நான்தான தொவச்சேன். விபூதியும் கறுப்பும் ஒட்டிக்கினு இருந்திச்சு. காசு கெடந்தது மாதிரி வட்டமா.”

“அக்கா, அப்ப நேத்தே சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் ஜான்சி.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கூடையத்தான கேட்டாரு.”

தேவநாதன் தரையைப் பார்த்தார். இருபத்திரண்டு நிமிஷத்தில் கேட்க வேண்டியிருந்த ஒரே கேள்வி அதுதான். நீ என்ன பார்த்தாய் என்று கேட்டிருந்தால், கேஸ் இரண்டே நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

“வேலைக்குப் போறதா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்,” என்றாள் கொளஞ்சி. “ஊரு பேசுனது போவட்டும். நேத்து காலேஜ் வுட்டு வந்ததும் எம்பொண்ணு இலக்கியா கேட்டா சார். ‘நெசமா எடுத்தியாம்மா, எனக்காவ எடுத்தியா’ன்னு கேட்டா. பத்தொம்பது வருசம் வளத்த பொண்ணு.”

குழாயில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

“பாப்பா எப்ப வரும்?” என்று தேவநாதன் கேட்டார்.

“அஞ்சேகால் பஸ்ஸு.”

“இருக்கேன். அதுகிட்டயும் நானே சொல்லிடறேன்.”

“சொல்லுங்க,” என்றாள் கொளஞ்சி, முறத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு. “ஆனா அவ கேட்டது என் காதுல வுழுந்துடுச்சே சார்.”

அவள் உட்காரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. தேவநாதன் வாசலிலேயே நின்றார்.